இருபது வயதில் ஓட்டமும் அறிதிறனும்: சான்றுகளின் எடை

1. ஆய்வுப் பொருள்

விரைநடை, மெல்லோட்டம், மிதிவண்டி, நீச்சல், கயிறு தாண்டல் ஆகியவை பெருந்தசைகளைப் பல நிமிடங்கள் இடைவிடாமல் இயக்குபவை. அதற்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதியை உடல் ஆக்சிஜனைக் கொண்டே ஈட்டுகிறது. இவ்வகைப் பயிற்சியே ஏரோபிக் பயிற்சி. எடை தூக்குவதும் நூறு மீட்டர் விரைவோட்டமும் இதில் அடங்கா. இதயம், நுரையீரல், ரத்த நாளம் ஆகியவற்றுக்கு இப்பயிற்சி தரும் நன்மை ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுவிட்டது. உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. ஆகவே அந்த நன்மை மூளையையும் எட்டுமா, எட்டினால் எவ்வளவு என்று கேட்பது இயல்பு.

முதியோரைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு ஓரளவு விடை உண்டு. அவர்களிடம் தேய்ந்துவரும் திறனைப் பயிற்சி தாங்கிப் பிடிப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பதினெட்டு முதல் முப்பது வயது வரையுள்ளோரின் நிலை வேறு. கவனம், வேகம், செயல்நினைவு ஆகியவை உச்சத்தில் இருக்கும் வயது அது. தேயாத ஒன்றைத் தாங்கிப் பிடிக்க முடியாது. உச்சத்தில் உள்ளதை மேலும் உயர்த்த முடியுமா என்பதே இவ்வயதினரைப் பற்றிய கேள்வி.

மதுரை மாநகரின் மேற்கே, வைகையின் தென்கரையில் உள்ள கோச்சடையில் இது ஏட்டுக் கேள்வி அன்று. அங்கும் சுற்றுவட்டாரத்திலும் காவலர் வேலைக்குத் தயாராகும் இளைஞர் காலையில் ‘கிரவுண்டு’க்கும் பகலில் புத்தகத்துக்கும் நேரத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டியவர். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அண்மைக்கால இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுகளில் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண்: பொது அறிவுக்கு 45, உளவியல் பகுதிக்கு 25. உடல்திறன் போட்டிகளுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றுகளுக்கு 6. இவற்றுக்கிடையே ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும். அந்த ஓட்டம் தகுதிக்கு மட்டுமே. அதற்கு மதிப்பெண் இல்லை. தர்க்கமும் எண் கணக்கும் கேட்கும் அந்த உளவியல் பகுதிக்கு மாதக்கணக்கான ஓட்டப் பயிற்சி ஏதும் சேர்க்கிறதா? இளையோரின் அறிதிறனில் தொடர் பயிற்சி தரும் உயர்வு மிகச் சிறியது, உறுதிப்படாதது என்பதும், பயிற்சியின் தெளிவான பயன் அதை அடுத்து வரும் நேரத்திலும் மனநிலையிலும் இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2. எதை அளக்கிறார்கள்

‘புத்தி’ என்று பேச்சில் ஒரே சொல்லில் அடங்குவதை உளவியலார் பல கூறுகளாகப் பிரித்து அளக்கின்றனர். பயிற்சி ஆய்வுகளில் பெரிதும் இடம்பெறுவது செயலாட்சித் திறன். அது மூன்று கூறுகள் கொண்டது: தூண்டும் பதிலை அடக்கிச் சரியான பதிலைத் தருதல், ஒரு செய்தியை மனத்தில் நிறுத்தியபடியே அதைக் கையாளும் செயல்நினைவு, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கு மாறும் நெகிழ்வு. இவை முன்மூளைப் புறணியைப் பெரிதும் சார்ந்தவை. புதியதைக் கற்று நினைவில் பதிப்பது ஹிப்போகாம்பஸ் பகுதியைச் சார்ந்தது.

அடக்கும் திறனை அளக்கும் ஸ்ட்ரூப் சோதனையைத் தமிழில் எளிதாக அமைத்துப் பார்க்கலாம். ‘சிவப்பு’ என்னும் சொல் பச்சை மையில் அச்சிடப்பட்டிருக்கிறது. சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். எழுத்தறிந்தவர் எவருக்கும் ‘சிவப்பு’ என்றே முதலில் நாவில் எழும். அதை விழுங்கிவிட்டுப் ‘பச்சை’ என்று சொல்ல ஒரு கணம் கூடுதலாகப் பிடிக்கும். விநாடியின் சிறு பங்கான அந்தத் தாமதமே இங்கு அளவுகோல். அது குறைந்தால் திறன் கூடியது என்பர். இந்த நுண்ணிய வேறுபாட்டுக்கும் தேர்வு அறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பெறும் மதிப்பெண்ணுக்கும் இடையிலுள்ள தொலைவைப் பின்வரும் எண்களைப் படிக்கும்போது மறக்கலாகாது.

3. உடல் தகுதியும் அறிதிறனும்: ஸ்வீடன் சான்று

இளையோரைப் பற்றிய மிகப் பெரிய சான்று ஸ்வீடனிலிருந்து வருகிறது. 1950 முதல் 1976 வரை பிறந்து, கட்டாய ராணுவப் பணிக்காகப் பதினெட்டு வயதில் சோதிக்கப்பட்ட 12 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் பதிவுகளை ஓபெரி குழுவினர் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டனர். மிதிவண்டிச் சோதனையில் இதய–நுரையீரல் தகுதி மிக்கவர்கள் அறிவுத்திறன் தேர்விலும் முன்னின்றனர். தசை வலிமைக்கு அத்தகைய தெளிவான தொடர்பு இல்லை. பதினைந்து வயதிலிருந்து பதினெட்டு வரை உடல் தகுதி உயர்ந்தவர்களின் தேர்வுத் தரமும் மேலாக இருந்தது.

பிறவியிலேயே இரண்டும் சேர்ந்து வந்திருக்கலாம் என்னும் மறுப்பை அக்குழுவினர் இரட்டையரைக் கொண்டு சோதித்தனர். தகுதிக்கும் அறிவுத்திறனுக்கும் உள்ள இணைவில் மரபு வழிப் பங்கு 15 விழுக்காட்டுக்கும் குறைவு. இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் வாய்த்த சூழலின் பங்கு 80 விழுக்காட்டுக்கும் மேல். பிறப்பைக் காட்டிலும் வாழ்முறையே இரண்டையும் பிணைக்கிறது என்பதற்கு இது வலுவான குறிப்பு.

ஆனால் குறிப்பு வேறு, நிறுவல் வேறு. ‘ஒருவருக்கு மட்டும் வாய்த்த சூழல்’ என்பதில் ஓட்டம் மட்டும் அடங்காது. நோய், நட்பு, படிப்பில் ஊக்கம், உறக்கம், புகைப்பழக்கம் அனைத்தும் அடங்கும். ஒழுங்காகப் படிப்பவரே ஒழுங்காக ஓடவும் செய்யலாம். காரணம் எது, விளைவு எது என்று பிரித்துச் சொல்ல, ஆட்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாக்கி ஒன்றை ஓடவைத்து, மற்றொன்றை வேறு வேலையில் ஈடுபடுத்திப் பார்க்க வேண்டும்.

4. ஒருமுறை ஓடியபின்

இத்தகைய சோதனைகள் இருவகை. ஒருமுறை பயிற்சி செய்தவரை உடனே அளப்பது ஒன்று. பல வாரப் பயிற்சிக்குப் பின் அளப்பது மற்றொன்று. பொதுப் பேச்சில் இரண்டும் கலந்துவிடுவதே பெருங்குழப்பத்துக்கு மூலம்.

முதல்வகையில் இளையோருக்குச் சாதகமான சான்றுகள் உண்டு. சிறார் முதல் முப்பத்தைந்து வயதினர் வரையான ஆய்வுகளைத் தொகுத்த வெர்பர்க் குழுவினர் (2014), ஒருமுறைப் பயிற்சியால் செயலாட்சித் திறன் 0.52 திட்ட விலக்க அளவு (திட்ட விலக்கம் என்பது மதிப்புகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) உயர்வதாகக் கண்டனர். இது நடுத்தர அளவிலான விளைவு. எல்லா வயதினரையும் எல்லாவகைச் சோதனைகளையும் சேர்த்து 79 ஆய்வுகளைத் தொகுத்த சாங் குழுவினருக்கு (2012) கிடைத்ததோ 0.097 மட்டுமே. எதை அளக்கிறோம், பயிற்சி முடிந்து எவ்வளவு நேரம் கழித்து அளக்கிறோம், பயிற்சி எவ்வளவு கடுமையானது என்பவற்றைப் பொறுத்து விளைவு ஏறி இறங்குகிறது. மூச்சு முட்டும் நிலையிலேயே சோதித்தால் பயன் மறையும். சற்று ஆறியபின் சோதித்தால் தெரியும்.

கற்றலுக்கும் இத்தகைய சான்று ஒன்று உண்டு. விண்டர் குழுவினர் ஜெர்மனியில் 27 விளையாட்டு மாணவர்களிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒவ்வொருவரும் மூன்று நிலைகளில் புதுச் சொற்களைக் கற்றனர்: மும்மூன்று நிமிட இரு கடும் ஓட்டங்களுக்குப் பின், நாற்பது நிமிட மென்னோட்டத்துக்குப் பின், ஓய்வுக்குப் பின். கடும் ஓட்டத்துக்குப் பின் கற்றல் 20 விழுக்காடு விரைவாக நடந்தது. ஆனால் 27 பேரும் உடற்பயிற்சிக்குப் பழகிய ஆண்கள். உட்கார்ந்தே பழகிய ஒருவரை அவ்வாறு ஓடவிட்டால் அவர் புத்தகத்தைத் திறப்பதற்குப் பதில் படுத்துக்கொள்ளவே விரும்பக்கூடும்.

5. மாதக்கணக்கில் ஓடியபின்

இரண்டாம் வகையில் சான்று மெலிகிறது. முன்சொன்ன வெர்பர்க் தொகுப்பிலேயே நீடித்த பயிற்சி பற்றிய ஆய்வுகள் ஐந்துதான் தேறின. அவற்றின் சராசரி விளைவு 0.14, சுழியிலிருந்து பிரித்தறிய முடியாத அளவு.

ஸ்ட்ரோத் குழுவினர் (2009) பதினேழு முதல் இருபத்தொன்பது வயது வரையான 28 பேரிடம் செய்த ஆய்வு இவ்வயதுக்கே உரியது. ஒரு பிரிவினர் ஆறு வாரம், வாரம் மும்முறை, அரைமணி நேரம் ஓடினர். இடமும் வடிவும் சார்ந்த நினைவு உயர்ந்தது, மனநிலை தெளிந்தது. சொல் நினைவிலும் கவனக்குவிப்பிலும் மாற்றமில்லை. காவலர் தேர்வின் 45 மதிப்பெண் பொது அறிவுப் பகுதி சொல் நினைவின் வேலை என்பதை இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

ஸ்டெர்ன் குழுவினரின் 2019 ஆய்வு வயதின் பங்கைத் துலக்கிக் காட்டுகிறது. இருபது முதல் அறுபத்தேழு வயது வரை, உடல் தகுதி குறைந்த 132 பேர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு ஆறு மாதம் ஏரோபிக் பயிற்சி செய்தது. மற்றொன்று உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி செய்தது. ஏரோபிக் குழுவின் செயலாட்சித் திறன் உயர்ந்தது. ஆனால் உயர்வு வயதுக்கேற்ப மாறியது: நாற்பது வயதில் 0.228 திட்ட விலக்கம், அறுபதில் 0.596. இவ்விரு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்துக் கீழ்நோக்கி நீட்டினால், இருபத்தெட்டு வயதளவில் கோடு சுழியைத் தொடுகிறது. நேர்கோடு என்பது கணக்கின் எளிமைக்காகக் கொண்ட ஊகம்தான். எனினும் ஆய்வில் இருபது வயதினரும் பங்கேற்றிருப்பதால் இது வெற்று நீட்சி ஆகாது. இருபது வயதினருக்கு ஆறு மாதத்தில் கண்ணுக்குத் தெரியும் உயர்வை எதிர்பார்க்க இடம் குறைவு.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தொகுப்புகளையே தொகுத்த சிரியா என்பவர் குழுவினரின் 2023 ஆய்வு உள்ளது. நலமாக உள்ளோரைப் பற்றிய 24 தொகுப்பாய்வுகள், அவற்றுள் அடங்கிய 109 குலுக்கல் முறை ஆய்வுகள் ஆகியவற்றை மறுபடி கணக்கிட்டபோது முதலில் 0.22 விளைவு கிடைத்தது. ஒப்பீட்டுக் குழு சும்மா இருந்ததா, வேறு பயிற்சி செய்ததா, தொடக்கத்திலேயே குழுக்கள் சமமாக இருந்தனவா என்பவற்றைக் கருதியதும் அது 0.13 ஆனது. சாதகமான முடிவுகளே அச்சேறும் சாய்வையும் கழித்தபின் 0.05க்கு இறங்கியது.

இந்த எண்களை மதிப்பெண்ணாக மாற்றிப் பார்த்தால் பொருள் விளங்கும். ஒரு தேர்வில் மதிப்பெண்களின் திட்ட விலக்கம் 10 என்று வைத்துக்கொண்டால், 0.22 என்பது இரண்டேகால் மதிப்பெண்ணுக்குச் சற்றே குறைவு, 0.05 என்பது அரை மதிப்பெண். போட்டித் தேர்வில் அரை மதிப்பெண்ணும் ஆளை உள்ளேயும் வெளியேயும் நிறுத்தும் என்பது உண்மையே. ஆனால் ஒருவரின் மதிப்பெண் நாளுக்கு நாள் இதைவிட அதிகமாக ஊசலாடும். அந்த அரை மதிப்பெண் ஓட்டத்தால் வந்ததா, நல்ல உறக்கத்தால் வந்ததா என்று எவரும் சுட்டிக்காட்ட முடியாது.

6. மூளையில் நிகழ்வன

விளைவு சிறிதெனினும் அதற்கு வழிவகை இல்லாமல் இல்லை. 1999இல் வான் பிராக், கேஜ் உள்ளிட்டோர், சுழல் சக்கரத்தில் ஓடிய எலிகளின் ஹிப்போகாம்பஸில் புதிய நரம்பணுக்கள் மிகுந்ததையும் அவை கற்றலில் முந்தியதையும் காட்டினர். ஓட்டத்தின்போது மூளைசார் நரம்பு ஊட்டக் காரணி என்னும் புரதம் பெருகுகிறது. அது நரம்பணுக்களின் இணைப்புகளை வலுப்படுத்தும். தசையில் உருவாகும் லாக்டேட்டும் ரத்தத்தின் வழியே மூளையை அடைந்து இப்புரத உற்பத்தியைத் தூண்டுவது எலிகளில் காணப்பட்டுள்ளது. மனிதர்களில், பெரேரா குழுவினர் (2007) பதினொருவருக்கு மூன்று மாதம் பயிற்சி அளித்தபோது, எலிகளில் புதிய நரம்பணு பிறக்கும் அதே பகுதியில் ரத்தக் கொள்ளளவு கூடியது. உடனடிப் பயனுக்கு வேறு விளக்கம் உண்டு: டோபமைன், நார்அட்ரினலின் ஆகியவற்றின் சுரப்பு உயர்வதால் சிறிது நேரம் மூளை விழிப்பு நிலையில் இருக்கிறது.

எலியிலிருந்து மனிதருக்குத் தாவுகையில் எச்சரிக்கை வேண்டும். வளர்ந்த மனிதரின் ஹிப்போகாம்பஸில் புது நரம்பணு பிறக்கிறதா என்பதே தீராத வழக்கு. 2018இல் ஒரு மாத இடைவெளியில் இரு குழுக்கள் எதிரெதிர் முடிவுகளை வெளியிட்டன: சிறுவயதோடு அது நின்றுவிடுகிறது என்றது ஒன்று, முதுமை வரை தொடர்கிறது என்றது மற்றொன்று. தவிரவும், கூண்டில் வேறு வேலையற்று வாழும் எலிக்குச் சக்கரம் பெரிய செறிவூட்டல். கல்லூரியும் கைப்பேசியும் நண்பர்களும் சூழ்ந்த இருபது வயது மனிதருக்கு அத்தகைய செறிவு ஏற்கெனவே பல வழிகளில் கிடைக்கிறது. வழிவகை இருக்கிறது என்பதால் விளைவும் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

7. விளைவு ஏன் சிறுக்கிறது

மூன்று காரணங்களை முன்வைக்கலாம். முதலாவது, உச்ச வரம்பு. ஸ்ட்ரூப் போன்ற சோதனைகளில் இளையோர் ஏற்கெனவே மிக வேகமாகவும் பிழையின்றியும் விடை தருகின்றனர். முன்னேற இடம் குறைவு. இரண்டாவது, பயிற்சியின் தன்மை. ஒரே பாதையில் ஒரே வேகத்தில் ஓடுவது சிந்தனைக்கு வேலை தருவதில்லை. மனத்துக்கு வேலையற்ற ஏரோபிக் பயிற்சி செயலாட்சித் திறனை உயர்த்துவதில்லை என்று டயமண்டும் லிங்கும் 2016இல் வாதிட்டனர். எதிராளியின் அசைவைக் கணித்து, மூச்சை அடக்கி, கூட்டாளியோடு ஒருங்கிணைந்து ஆடும் சடுகுடு போன்ற ஆட்டம் வேறு பயன் தரக்கூடும். மூன்றாவது, ஒப்பீடு. ஓடியவர் தம்மைக் கூர்மையாக உணர்வதற்கு ஓட்டம் மட்டுமே காரணம் ஆகாது. ‘ஓடினால் நல்லது’ என்ற எதிர்பார்ப்பும், நாளுக்கு ஓர் ஒழுங்கு வந்ததும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒப்பீட்டுக் குழுவும் அதே ஒழுங்கோடு வேறு பயிற்சி செய்தால் வேறுபாடு சுருங்குகிறது.

இவற்றை வைத்து விளைவே இல்லை என்று முடிப்பதும் அவசரம். நீடித்த பயிற்சி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையே நீள்கின்றன. ஸ்வீடன் பதிவுகள் காட்டுவது ஆண்டுகளில் நிகழும் மாற்றம். எதைக் குலுக்கல் முறையில் சோதித்தார்களோ அதற்கே விடை கிடைத்திருக்கிறது. பத்தாண்டுப் பழக்கத்தை எவரும் அவ்வாறு சோதித்ததில்லை.

8. மதுரைச் சூழலில்

பயிற்சியின் அளவை முதலில் பார்க்கலாம். பதினெட்டு முதல் அறுபத்து நான்கு வயதினர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான ஏரோபிக் பயிற்சி செய்யவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். உச்ச இதயத்துடிப்பைத் தோராயமாக 220இலிருந்து வயதைக் கழித்துப் பெறுவர். இருபது வயதினருக்கு அது 200. மிதமான பயிற்சியில் துடிப்பு நிமிடத்துக்கு 128 முதல் 152 வரை இருக்கும். பேச முடியும், பாட முடியாது என்பதே கருவியில்லாத அளவுகோல்.

காவலர் தேர்வின் ஓட்டத்தை இதோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு கடினம் என்பது தெரியும். 7 நிமிடத்தில் 1500 மீட்டர் என்றால் 400 மீட்டர்த் தடத்தில் மூன்றே முக்கால் சுற்று. ஒரு சுற்றுக்கு 112 விநாடி. மணிக்கு ஏறத்தாழ 12.9 கிலோமீட்டர். அவ்வேகத்தைச் சமதரையில் தாங்க, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்குச் சுமார் 46 மில்லிலிட்டர் ஆக்சிஜன் தேவை என்று வழக்கிலுள்ள கணக்கு சொல்கிறது. முதல் சுற்றிலேயே பாய்ந்து விடுபவர் மூன்றாம் சுற்றில் விட்டுவிடுவது இதனால்தான். இதை எட்டப் பல மாத ஏரோபிக் பயிற்சி வேண்டும். ஆகவே இந்த இளைஞர்கள் தம்மையறியாமலே மேற்சொன்ன ஆய்வுகளின் பயிற்சிக் குழுவாக இருக்கின்றனர்.

அவர்களைச் சுற்றியுள்ள நிலை வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியுதவியோடு தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய பகுதிகளில் இருபது வயதுக்கு மேற்பட்ட 14,227 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில் 54.4 விழுக்காட்டினர் உடலுழைப்பற்றவர்கள். ஓய்வு நேரத்தில் விளையாட்டோ உடற்பயிற்சியோ செய்பவர்கள் பத்தில் ஒருவரும் இல்லை. காவலர் தேர்வு முடிந்ததும் ஓட்டத்தை விட்டுவிடுபவர் இந்தப் பெரும்பான்மைக்குள்தான் திரும்புகிறார்.

வெயில் மற்றொரு காரணி. ஏப்ரல், மே மாதங்களில் மதுரையில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடும். வெப்பத்தில் உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு ரத்தம் பாய்வதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். நீரிழப்பு சேர்ந்தால் கவனமும் தடுமாறும். ஆகவே இங்கு ஓட்டத்துக்கு உகந்த நேரம் விடியற்காலை ஒன்றே. ஒருமுறைப் பயிற்சியின் பயன் பயிற்சிக்குப் பின் சிறிது நேரமே நிற்கும் என்பதோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், கோச்சடையிலிருந்து ஐந்தரை மணிக்கு வைகைக் கரைச் சாலையில் ஓடித் திரும்புபவர் குளித்துச் சாப்பிட்டு உடனே கடினமான பாடத்தை எடுப்பதே பொருத்தம். ஓட்டத்துக்கும் படிப்புக்கும் நடுவே கைப்பேசியில் இரண்டு மணி நேரம் போனால் அந்த விழிப்பும் போய்விடும். ஓடுவதற்காக உறக்கத்தைக் குறைப்பதும் நட்டமே. அன்று கற்றதை நினைவில் நிலைநிறுத்துவது உறக்கம்.

பெண்களுக்கு இந்த விடியற்காலை எளிதாகத் திறப்பதில்லை. இருட்டில் தனியாக ஓட இடமும் துணையும் தேவை; வீட்டு வேலையும் அதே நேரத்தில் காத்திருக்கும். காவலர் தேர்வில் அவர்களுக்கு வைக்கப்படும் ஓட்டமோ 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. இது நீடித்த ஏரோபிக் பயிற்சியைக் கோருவதில்லை. வைகையின் வடகரையில் உள்ள ரேஸ்கோர்ஸ் மைதானம் போன்ற வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடங்கள் நகரின் ஒவ்வொரு பகுதியிலும் இருந்தால்தான் இவ்வேறுபாடு குறையும். மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைக்கும் தமிழ்நாடு அரசின் 2023ஆம் ஆண்டுத் திட்டம் இத்திசையில் ஒரு தொடக்கம்.

9. முடிபு

சான்றுகளை மூன்று அடுக்காக வைக்கலாம். உடல் தகுதியும் அறிதிறனும் இளையோரிடம் இணைந்தே காணப்படுகின்றன: இது உறுதி, ஆனால் காரணத்தை நிறுவாது. ஒருமுறைப் பயிற்சிக்குப் பின் கவனமும் கற்கும் வேகமும் சிறிது நேரம் உயர்கின்றன: இது நம்பத்தக்கது, ஆனால் அளவு ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. மாதக்கணக்கான பயிற்சி இருபது வயதினரின் அறிதிறனை நிலையாக உயர்த்துகிறது: இது இன்னும் நிறுவப்படவில்லை, உயர்வு இருந்தாலும் மிகச் சிறிது.

எனவே மதிப்பெண்ணைக் காட்டி மைதானத்துக்கு அழைப்பது பலவீனமான வாதம். மதிப்பெண் ஏறவில்லை என்று கண்ட அன்றே, அந்த வாதத்தை நம்பி ஓடியவர் நிறுத்திவிடுவார். ஸ்டெர்ன் ஆய்வின் கோடு இருபதுகளில் சுழியருகே கிடந்து அறுபதில் மேலேறுகிறது. அந்த மேட்டில் நிற்கப்போகும் அறுபது வயதினரும், இன்று 1500 மீட்டருக்காக ஓடுபவரும் ஒருவரே; இடைப்பட்ட நாற்பது ஆண்டும் அவர் ஓடுவதை விடாதிருந்தால்.